பின் சீற்றுக்கு ஏற்ற ரயர்

உப்புவெளி,
திருகோணமலை.
14.01.2024

அன்பின் தங்கச்சி மெலனிக்கு,

உன் அண்ணன் ஜக்சன் எழுதுகிறேன். நானும் அண்ணி றீற்றாவும் கடவுள் கிருபையால் சுகம். நீயும் அந்தப் பண்டாரவளைக் குளிருக்குள் தடிமன், இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறோம்.

எல்லாரும் ஃபோனில் கதைக்கிற காலத்தில் என்னைப் பேனை பிடிக்க வைத்தவள் நீ ஒருத்திதான். கன்னியாஸ்திரி ஆவதற்கான உன் நவசந்நியாசப் பயிற்சி வருசம் முடியும்வரை ஃபோன் இல்லை, மாதத்துக்கு ஒரு கடிதம் என்று மடத்து மதர் சொன்னபோது பெரிய மனிதனைப் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன். இப்போது இரண்டு வரி எழுதுவதற்குள், துறைமுகத்து வேக்ஷொப்பில் ஒரு நாள் முழுக்க வெல்டிங் அடித்தமாதிரி வியர்க்கிறது.

நான் எழுதவந்தது காரைப் பற்றி. சிரிக்காதே. கட்டாரில் உழைத்து அந்தக் கொறோலாவை வாங்கியபோது, பின் சீற்று நிரம்ப வேண்டும் என்று நினைத்துத்தான் நாலு கதவுக் காராகப் பார்த்து வாங்கினேன். நடந்தது உனக்குத் தெரியும். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் போனது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். அதற்குப் பிறகு நான் அந்தக் காரைக் கழுவுவதும் இல்லை. போன கிழமை றீற்றா சொன்னாள்: "பின் சீற்றைப் பாத்து ஏங்கினது காணும். உங்களுக்குக் காரெண்டா ஆசை. பிடிச்சமாதிரி ஏதும் செய்யுங்கோவன்." சொல்லிவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். பதினேழு அங்குல அலோய் றிம், 205/45 ரயர். யப்பானில் இருந்து வந்த பழைய செற் ஒன்று, கறுப்பு, நகரத்தில் இருக்கிறது. நீ லாபிர் நானாவின் ரயர் கடையில் மூன்று வருசம் அளவு பார்த்துக் கொடுத்தவள். என்ன சொல்கிறாய்?

றீற்றா உன்னை விசாரித்தாள். குளிருக்குக் காலுறை போடாமல் கோயிலுக்குப் போகாதே.

உன் அன்பு அண்ணன்,
ஜக்சன்

*

பண்டாரவளை.
04.02.2024

அன்பின் அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நல்ல சுகம். தடிமன் வந்து, போயும் விட்டது. காலுறை இரண்டு சோடி போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வருகிற கடிதங்களை மதர் பார்த்துவிட்டுத்தான் தருவார். உங்களுடையதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "மகள், 205/45 எண்டு போட்டிருக்கு. திருப்பாடல் நூற்றைம்பதோட முடியுது. இது எந்த ஆகமம்?" என்று கேட்டார். ரயர் என்று விளங்கப்படுத்தினேன். நம்பினாரோ தெரியாது.

இனி விசயத்துக்கு வருகிறேன். அண்ணா, 205/45 வேண்டாம். முதல் எண் ரயரின் அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை வீதம் ரயரின் சுவர் உயரம் என்பது. மூன்றாவது றிம்மின் அங்குலம். றிம் பெருக்கும்போது சுவர் சிறுக்க வேண்டும். மொத்த உயரம் மாறக்கூடாது. உங்கள் காருக்குக் கொம்பனி கொடுத்தது 175/65, பதினாலு அங்குலம். நீங்கள் சொல்லும் ரயர் அதைவிட மூன்று சென்றிமீற்றருக்கு மேல் உயரம். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு திருப்பம் திரும்பினால் மட்கார்டில் உரசும். பதினேழுதான் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றால் 205/40 போடுங்கள். அதுவும் ஒரு சென்றிமீற்றர் கூட. ஆனால் சமாளிக்கலாம்.

என்னைக் கேட்டால் பதினைந்து அங்குல றிம், 185/55 ரயர். உயரம் அச்சொட்டாகப் பழையது. வளைவில் பிடிக்கும், பார்வைக்கும் எடுப்பாக இருக்கும், எஞ்சினுக்கும் பாரமில்லை. பெரிய றிம் பாரம். கார் இழுக்கச் சோம்பல்படும், பெற்றோலும் குடிக்கும். லாபிர் நானாவிடம் கேளுங்கள், இதையேதான் சொல்வார்.

அண்ணியின் சொல்லைக் கேட்டதுக்குச் சந்தோஷம். அந்தக் காரைக் கழுவுங்கள், அண்ணா.

தவக்காலம் தொடங்கினால் வரும் கடிதங்கள் எங்களுக்குக் கிடைக்கும். பதில் எழுத உயிர்ப்பு ஞாயிறு கழிய வேண்டும். பதில் இல்லை என்று யோசிக்க வேண்டாம்.

இருவருக்கும் என் செபங்கள்.

மெலனி

*

உப்புவெளி.
25.02.2024

அன்பின் தங்கச்சிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். நீ பதில் போட முடியாத காலத்தில் எழுதுகிறேன். ஏச முடியாது அல்லவா?

பதினேழேதான் போட்டேன். ரயர் மட்டும் நீ சொன்ன 205/40. லாபிர் நானா நீ சொன்னமாதிரியே பதினைந்தைக் காட்டினார். நான் கறுப்பு றிம்மைக் காட்டினேன். "தங்கச்சி இருந்திருந்தா உன்னை இதுக்க கையை வைக்க விட்டிருக்க மாட்டா" என்றார்.

மெலனி, நீ பார்க்க வேண்டும். கழுவி, மெழுகு போட்டு, நிலாவெளி றோட்டில் விட்டேன். மூலையில் திருப்பினால் கை போன பக்கம் கார் போகிறது. முந்தி கப்பல் திரும்பினமாதிரித் திரும்பும். மாவட்ட அலுவலகக் கச்சேரிப் பக்கம், ஊருக்குள் திரிகிற மான் ஒன்று குறுக்கே வந்தது, பிறேக் அடித்தேன், நின்ற இடத்தில் நின்றது. மான் என்னைப் பார்க்கவில்லை, றிம்மைத்தான் பார்த்தது.

உண்மையும் சொல்ல வேண்டும். ஒரு பத்துச் சத நாணயக் குத்தியில் ஏறினாலும் அது எந்தப் பக்கம் என்று முதுகுக்குத் தெரிகிறது. றீற்றா கைபிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "வடிவெண்டா வடிவுதான். ஆனா என்ர பல்லெல்லாம் ஆடுது" என்று சொல்லிச் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். எவ்வளவு காலம் அதைக் கேட்டு! அந்தச் சிரிப்புக்கு இன்னும் இரண்டு அங்குலம் கூட்டியிருப்பேன்.

உனக்காகவும் உன் தவத்துக்காகவும் செபிக்கிறோம்.

ஜக்சன்

*

உப்புவெளி.
17.03.2024

அன்பின் மெலனி,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

இது சின்னக் கடிதம். எந்த ரயர் போட்டால் கார் குலுங்காது? அதாவது, ஆகக் குறைந்த குலுக்கம். வடிவு தேவையில்லை. வேகமும் தேவையில்லை. வேலை விசயமாக இடைக்கிடை கண்டிக்குப் போகவேண்டி வரும்போல் இருக்கிறது, றோட்டும் சரியில்லை, அதுதான். பழைய பதினாலு அங்குல றிம் நாலும் கொட்டிலுக்குள் கிடக்கிறது. அதற்கு எது சரி? காற்றைக் குறைத்துவிட்டால் இன்னும் மெத்தென்று இருக்குமா?

உயிர்ப்பு கழியத்தான் பதில் வரும் என்று தெரியும். ஆனாலும் கொஞ்சம் கெதியாக எழுதினால் நல்லது.

ஜக்சன்

*

பண்டாரவளை.
01.04.2024

அன்பின் அண்ணா, அன்பின் அண்ணி,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். நான் நல்ல சுகம். உங்கள் இரண்டு கடிதங்களையும் ஒன்றாக வைத்து வாசித்தேன். நேற்றுப் பூசை முடிந்ததும் மதரிடம் கேட்டு, இன்று காலை முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

அந்தப் பதினாலு றிம்முக்கு 185/65 போடுங்கள். சுவர் உயர்ந்த ரயர்தான் மெத்தென்று இருக்கும். இப்போது போட்டிருப்பதில் றோட்டுக்கும் றிம்முக்கும் நடுவில் நாலு விரல் அளவு றப்பர்தான் இருக்கிறது. இதில் ஆறு விரல். பள்ளத்தை அந்த இரண்டு விரல் விழுங்கிவிடும். மீற்றர் அறுபது காட்டினால் உண்மையில் அறுபத்தொன்று ஓடுவீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தேய்ந்தது, பழையது வாங்க வேண்டாம். றப்பர் இறுகியிருக்கும். புதிதாக, இந்த வருசம் செய்த ரயராக எடுங்கள்.

காற்றைக் குறைக்கவே வேண்டாம். குறைத்தால் தூர ஓட்டத்தில் ரயர் சூடாகி வெடிக்கும். சாரதிக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கிற அளவு, அவ்வளவுதான். காலையில் கார் வெளிக்கிட முதல் பாருங்கள். பின் பக்கத்து அதிர்வுதாங்கி சொக் இரண்டையும் லாபிர் நானாவிடம் காட்டுங்கள். எண்ணெய் கசிந்தால் ரயர் மாற்றியும் பிரயோசனம் இல்லை.

குறுக்கே போட்டிருக்கிற வேகத்தடைகளை ஒரு பக்கச் சில்லாகச் சரித்து ஏறாதீர்கள். அப்படி ஏறினால் உள்ளே இருப்பவரின் இடுப்புத் திரும்பும். இரண்டு முன் சில்லும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கட்டும். நடந்து போகிற வேகம் போதும். பிறேக்கைக் கடைசி நேரத்தில் மிதிக்காமல், தூரத்திலேயே காலைத் தூக்கிவிடுங்கள்.

வேலை விசயம் என்று எழுதியிருந்தீர்கள். வேலை நல்லபடி நடக்க ஒவ்வொரு நாளும் செபிக்கிறேன். வேறெதுவும் கேட்கவில்லை.

அண்ணிக்கு என் முத்தம்.

மெலனி

*

உப்புவெளி.
28.04.2024

அன்பின் தங்கச்சிக்கு,

சுகம். வெயில் தொடங்கிவிட்டது, கடல் தகடுமாதிரிக் கிடக்கிறது. நீ அனுப்பிய பதில் பெரிய உதவி.

185/65 போட்டாயிற்று. பின் சொக் இரண்டும் கசிந்துதான் இருந்தன, மாற்றிவிட்டோம். கறுப்பு றிம் நாலையும் ஹஸ்மி எடுத்துக்கொண்டு போனான். அவனைத் தெரியும்தானே, என்னோடு வேக்ஷொப்பில் நிற்பவன். "மச்சான், ரெண்டு மாசம் முந்தித்தானே போட்டனீ, உனக்கென்ன விசரா?" என்று கேட்டான். ஓம் என்றேன். இப்போது என் கார் செருப்புக் கழற்றிவிட்டு இளைப்பாறுகிற ஆள்மாதிரி இருக்கிறது. வேக்ஷொப் வாசலில் எல்லாரும் பகிடி பண்ணுகிறார்கள். நான் கணக்கெடுப்பதில்லை.

போன கிழமை கண்டிக்குப் போனோம். நீ சொன்னமாதிரியே ஓட்டினேன். ஹபரணை தாண்டி ஒரு திருத்த வேலை நடக்கிற துண்டு இருக்கிறது, கல் கிளம்பிய றோட்டு. அதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறமாதிரிப் போனேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துவிட்டான். வேலை நன்றாக முடிந்தது. திரும்பி வரும்போது இன்னும் மெதுவாக வந்தேன்.

றீற்றா தான் படிப்பிக்கிற பாலர் பாடசாலைக்கு லீவு போட்டிருக்கிறாள். இடுப்பில் நாரி நோவு. பயப்பட ஒன்றுமில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு என் சமையலுக்குக் குறை சொல்கிறாள்.

கண்டிக்கு இனியும் போகவேண்டி வரும். பின் சீற்றில் தலையணை வைத்தால் ஆள் சறுக்காமல் இருக்க என்ன வழி?

ஜக்சன்

*

பண்டாரவளை.
26.05.2024

அன்பின் அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இங்கே மழை. மடத்துத் தோட்டத்தில் லீக்ஸ் கண்டுகள் என் பொறுப்பு. கை வெடித்திருக்கிறது, மற்றப்படி சுகம். உங்கள் இருவரின் சுகத்தையும் நாளும் பொழுதும் ஆண்டவரிடம் விசாரிக்கிறேன்.

தலையணைக்குக் கீழே பழைய கம்பளித் துணி ஒன்றை விரியுங்கள், சறுக்காது. முதுகுக்கு ஒன்று, இடப் பக்கம் சரிந்து படுக்க இன்னொன்று. பெல்ற் கட்டாயம். மடியோடு கீழே, தொடை எலும்பின் மேல் போக வேண்டும். அதற்கு மேலே போகக்கூடாது. முன் சீற்றை முன்னால் தள்ளிவிட்டால் கால் நீட்டலாம். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நிறுத்தி, இரண்டு எட்டு நடக்க விடுங்கள். நிழலில் நிறுத்துங்கள்.

இதெல்லாம் நாரி நோவுக்காரருக்கு நான் சொல்வது.

போன முறை மதர் உங்கள் கடிதத்தைத் தரும்போது ஒரு கேள்வி கேட்டார். "உம்மட அண்ணா, வேலை விசயமாப் போறவர், போனேன் எண்டெல்லோ எழுதோணும்? ஏன் போனோம் எண்டு எழுதியிருக்கிறார்?" பன்மையில் எழுதுவது எங்கள் ஊர் வழக்கம் என்று சொன்னேன். பொய்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

அண்ணி, நேரமிருந்தால் எழுதுங்கள். மனமில்லாவிட்டால் எழுத வேண்டாம். படுத்துக்கொண்டு எழுதினால் கண் நோகும்.

அன்புடன்,
மெலனி

*

உப்புவெளி.
23.06.2024

அன்பான மெலனிக்கு,

நீர் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நான் சுகம். உமது அண்ணாவும் சுகம், மெலிந்துவிட்டார். இது அவர் வேலைக்குப் போன நேரம் எழுதுவது. பக்கத்து வீட்டு பஹ்மியா அக்கா தபாலில் போடுவா.

உமது அண்ணா கார் ஓடுகிற விதத்தை நீர் பார்த்தால் சிரிப்பீர். நிலாவெளி றோட்டில் எங்களை ஒரு சைக்கிள் முந்தியது. பின்னால் தேங்காய் மூட்டை கட்டியிருந்த சைக்கிள். அவர் ஓரமாக்கி வழி விட்டார். முந்தி ஒரு லொறி முந்தினாலும் விடாத மனுசன். வேகத்தடை வந்தால் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறார். அருள்நிறை மரியே என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், "ரெண்டு சில்லும் ஒண்டா, ரெண்டு சில்லும் ஒண்டா" என்கிறார். அது நீர் சொல்லிக்கொடுத்ததாம்.

நான் பயந்துகொண்டிருந்த மாதம் ஒன்று இருந்தது. அது கழிந்துவிட்டது. காலையில் எழும்பி, கழிந்துவிட்டது என்று எனக்கே சத்தமாகச் சொன்னேன்.

உமக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது. முதல் தடவை உமக்குத்தான் முதலில் சொன்னேன், நீர் இரவிரவாகச் சட்டை தைத்தீர். அந்தச் சட்டைகள் அலுமாரியில் இருக்கின்றன. இம்முறை சொல்லப் பயமாக இருக்கிறது. சொன்னால் ஏதும் ஆகிவிடும் என்பதில்லை. சொன்னவர்களிடம் திரும்பவும் போய், இல்லை என்று சொல்ல என்னால் ஏலாது. கோபிக்க வேண்டாம்.

உமது அண்ணி,
றீற்றா

*

பண்டாரவளை.
07.07.2024

என் அன்பான அண்ணிக்கு,

கோபமா? உங்கள் கடிதம் என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நான் சுகம், உங்கள் எழுத்தைப் பார்த்த பிறகு இன்னும் சுகம்.

ஒன்றும் சொல்ல வேண்டாம், அண்ணி. இப்போதும் வேண்டாம், பிறகும் கட்டாயமில்லை. சொல்லாததை நான் கேட்கவும் மாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்களோ, அதைக் கதைத்துக் குலைக்க எனக்கு மனமில்லை.

தேங்காய்ச் சைக்கிள் கதைக்கு மதர், கடிதத்தை என் கையில் தரும் முன்னமே சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார்.

அண்ணாவிடம் சொல்லுங்கள், ரயர் போட்டு மூன்று மாதம் ஆகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிப் போடும் நேரம். ஒரே சீராகத் தேய்ந்தால்தான் சத்தமில்லாமல் ஓடும்.

மெலனி

*

பண்டாரவளை.
08.09.2024

அன்பின் அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஓகஸ்ட் மாதம் நான் எழுதியதும் கிடைத்ததோ தெரியாது. தபால் பிந்தியிருக்கலாம். வேலை கூடியிருக்கலாம்.

நான் சுகம். லீக்ஸ் பிடுங்கிவிட்டோம், இனி கரட். இன்றைக்கு மாதா பிறந்த நாள். பூசையில் எங்களைப் பாட விட்டார்கள், எனக்கு நடுவில் குரல் போய்விட்டது, குளிர்தான்.

எழுத வேறொன்றும் இல்லை. அண்ணா, ஒரு வெறுங் கடுதாசியை மடித்து அனுப்பினாலும் போதும்.

உங்கள்
மெலனி

*

உப்புவெளி.
06.10.2024

என் அன்புத் தங்கச்சி மெலனிக்கு,

மூன்று பேரும் சுகம்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு, எழும்பி வாசலுக்குப் போய், கடலைப் பார்த்துவிட்டு வந்து இருக்கிறேன். மூன்று பேரும் சுகம், மெலனி. மகள். நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

உன் கடிதங்கள் இரண்டும் கதவிடுக்கில் கிடந்தன. நாங்கள் ஓகஸ்ட் கடைசியில் இருந்து கண்டியில். அதற்கு முதல் எழுத இருந்தால் பொய்தான் எழுத வேண்டி வரும் என்று பேனையை எடுக்கவில்லை. இனி முழுவதும் சொல்கிறேன்.

மார்ச் மாதம்தான் தெரிந்தது. எங்கள் குடும்பநல மிட்வைஃப் ஹுஸ்னியா மிஸ்ஸிக்கும் பஹ்மியா அக்காவுக்கும் தவிர ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கண்டியில் ஒரு டொக்டர், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டால் பிள்ளை நிற்கும் என்றார். குலுக்கம் கூடாது, படுக்கை என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற என் காரைப் பார்த்தேன். அந்தக் கறுப்பு றிம்மில்தான் அவளை நூற்றெண்பது கிலோமீற்றர் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்த ஞாயிறுதான் உனக்கு அந்தச் சின்னக் கடிதம் எழுதினேன்.

ஓகஸ்ட் கடைசியில் டொக்டர், இனி வீட்டில் வைத்திருக்க வேண்டாம், கொண்டுவந்து வாட்டில் விடுங்கள் என்றார். காலையில் காற்றுப் பார்த்து வெளிக்கிட்டோம். றீற்றா பின் சீற்றில், நீ சொன்னபடி இடப் பக்கம் சரிந்து. கந்தளாய்க்குளம் வரும் முன்வரை கதைத்துக்கொண்டு வந்தாள். பிறகு சத்தமில்லை. கண்ணாடியில் முகம் தெரியவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. ஹபரணைக்கு முன்னால் மர நிழலில் நிறுத்தி இறங்கி ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

நித்திரை, மெலனி. வாயைத் திறந்தபடி, குழந்தைமாதிரி நித்திரை. மார்ச் மாதத்துக்குப் பிறகு வீட்டுக் கட்டிலிலேயே அவள் அப்படித் தூங்கியதில்லை. நான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். ஒரு வான்காரன் நிறுத்தி, "என்ன அண்ணன், ரயர் போயிற்றா?" என்று கேட்டான். "இல்ல தம்பி, ரயர் நல்லா இருக்கு" என்றேன்.

அந்தக் கல்லு றோட்டிலும் அவள் எழும்பவில்லை. தம்புள்ளையில் கண்ணைத் திறந்து, "இன்னும் கந்தளாய் வரேல்லையோ?" என்றாள்.

செப்ரெம்பர் முதல் கிழமை வலி வந்துவிட்டது, நாள் இருக்கவே. பிள்ளை இரண்டு கிலோவுக்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கை உள்ளே விட்டுத் தொடலாம். என் கை முழுக்க வெல்டிங் தழும்பு, தொடப் பயமாக இருந்தது. நேர்ஸ் பிடித்து உள்ளே விட்டா. ஒரு விரலால் முதுகைத் தொட்டேன். அவ்வளவு சின்ன முதுகுக்குள் மூச்சு என்ன வேகமாக ஓடுகிறது என்கிறாய்.

உனக்குச் சொல்லாமல் இருந்தது பெரிய பாரம். ஒருநாள் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று மடத்து அலுவலகக் கந்தோருக்கு ஃபோன் எடுத்தேன். ஒருக்கால் மணி அடித்தது. அதற்குள் வெட்டிவிட்டேன். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல், உன்னிடம் என்னவென்று சொல்வது? நீ மடத்தை விட்டு ஓடி வந்துவிடுவாய் என்றும் பயம். நீ ஆசைப்பட்டுப் போன இடம். எங்களால் அது குழம்பக் கூடாது என்று இரண்டு பேரும் யோசித்தோம்.

இப்போது காய்ச்சல் இல்லை. பாலும் குடிக்கிறாள். நீ தைத்த சட்டையில் ஒன்றை நேற்றுப் போட்டோம், அதற்குள் இரண்டு பிள்ளை இருக்கலாம், அவ்வளவு பெரிது.

றீற்றா உன்னைக் கொஞ்சச் சொன்னாள்.

உன் அண்ணன்,
ஜக்சன்

*

பண்டாரவளை.
20.10.2024

அன்பின் அண்ணாவுக்கும், அண்ணிக்கும், என் செல்ல மருமகளுக்கும்,

மூன்று பேருக்கும் சுகம் சொல்லி ஒரு கடிதம் எழுத எனக்குக் கிடைத்ததே, ஆண்டவருக்கு நன்றி. மதர் இம்முறை உங்கள் கடிதத்தை முதல் வரிக்கு மேல் வாசிக்கவில்லை. மடித்து என் கையில் தந்துவிட்டு, "நீர் கோயிலுக்க போய் இருந்து வாசியும்" என்றார்.

அண்ணா, எனக்குத் தெரியும். உயிர்ப்புக்கு முதல் கிழமையே தெரியும். அதற்கு முதல் மாதம் பல் ஆட ஆட ஓடிய மனுசன், வடிவும் வேண்டாம் வேகமும் வேண்டாம் குலுங்காத ரயர்தான் வேண்டும் என்று எழுதினால், லாபிர் நானாவின் கடையில் மூன்று வருசம் நின்றவளுக்கு விளங்காதா? பின் சீற்றில் இருப்பது ஆர், எப்படி இருக்கிறார் என்று அந்த ஒரு கேள்வியிலேயே இருந்தது. கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும். அதனால்தான் காற்று, சொக், தலையணை என்று எழுதிக்கொண்டிருந்தேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

இனி நான் சொல்லாததைச் சொல்கிறேன். உயிர்ப்புக்கு அடுத்த நாள், உங்களுக்கு அந்தப் பதிலை எழுதிவிட்டு, மதரிடம் போனேன். வீட்டிலிருந்து ஃபோன் வந்தால் நான் போக வேண்டும், திரும்பி வர முடியாவிட்டாலும் போக வேண்டும் என்றேன். மதர், "பையைக் கட்டி வையும்" என்றார். "கூப்பிட்டா அந்த நிமிசமே அனுப்பிறன். கூப்பிடாட்டா, இஞ்சயே இருந்து செபியும்."

அன்றைக்கே பையைக் கட்டிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். ஆறு மாதத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. கந்தோரில் ஃபோன் மணி அடித்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். தோட்டத்தில் நின்றாலும் எனக்குக் கேட்கும். வேறு ஆருக்கோ என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். நீங்கள் கூப்பிடாத ஒவ்வொரு நாளும் அண்ணிக்குச் சுகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அந்த ஒற்றை மணியும் கேட்டது, அண்ணா. செப்ரெம்பர் நடுவில். நான் விறாந்தை கூட்டிக்கொண்டிருந்தேன். ஒருக்கால் அடித்து நின்றுவிட்டது. தும்புத்தடியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றேன், அடுத்தது அடிக்கவில்லை. மதர் கந்தோர்க் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் வந்து நின்றார்.

இன்று மத்தியானம் அந்தப் பையைக் குலைத்தேன். இரண்டு உடுப்பு, துவாய், பஸ்ஸுக்குப் போர்க்க ஒரு கம்பளி. எல்லாவற்றையும் திரும்ப அலுமாரியில் அடுக்கினேன். கோயிலில் இருந்து வந்த மதர் வெறும் பையைப் பார்த்தார்.

"இனி இது வேணுமா, மகள்? ஸ்டோருக்குக் குடுக்கட்டா?"

"ஓம், மதர்," என்றேன். "குடுங்கோ."

உங்கள் தங்கச்சி,
மெலனி